அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சரளை

அம்மா தன் அறை ஜன்னலைத் திறக்காமலே ஒரு மாதம் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கிறதே என்று ஒருநாள் நான் கொக்கியில் கை வைத்தபோதுதான், "வேண்டாம்ப்பா, திறக்காதே, கீழே பூனை அசிங்கம் பண்ணி வச்சிருக்கு, நாத்தம் உள்ள வந்துடும்" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ ஆசைப்பட்டுப் போட்ட கல்லு, அதைப் போய் குறை சொல்லுவானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி, சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சரளைக்கல் போட்டிருக்கிறோம். மற்ற இடமெல்லாம் கல் சமமாகக் கிடக்க, அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே ஐந்தாறு அடி நீளத்துக்கு மட்டும் சின்னச் சின்ன மேடுகள். குச்சியால் தள்ளிப் பார்த்தபோது ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று. பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சரளையைப் போட்டவன் நான். கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்தால் சுவர் முழுக்கச் சேறு தெறிக்கும், அஸ்திவாரத்தின் ஓரம் தண்ணீர் தேங்கும். கல் இருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். அதனால் சிமென்ட் பூசிவிடுங்கள் என்று பிறகு பலர் சொன்னபோது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, கல் அங்கே இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் கல்லைத் தேர்ந்தெடுத்தபோது நான் பார்த்தது அழகை மட்டும்தான். பட்டாணி அளவுக் கூழாங்கல், 6 முதல் 10 மில்லிமீட்டர், உருண்டையாக, வழவழப்பாக. நாலு அங்குல ஆழத்துக்குத் தாராளமாகக் கொட்டினேன், மிதித்தால் கால் உள்ளே போகும். பூனையின் பக்கம் நின்று யோசித்தால் இது என்ன? எப்போதும் காய்ந்திருக்கிறது, தோண்டினால் பொலபொலவென்று நகர்கிறது, ஒரு பக்கம் சுவரும் இன்னொரு பக்கம் செடியும் மறைத்திருக்கிறது, மனித நடமாட்டம் கிடையாது. இதைவிடப் பொருத்தமான ஓர் இடத்தைப் பூனைக்கு யாரும் அமைத்துக் கொடுத்துவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாலைந்து மாதம் ஆனது. அந்த மாதங்கள் முழுக்கப் பூனையை எப்படி விரட்டுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். தரையை எப்படி மாற்றுவது, பூனை வேறு எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளையும் முதலிலேயே கேட்டிருந்தால் அம்மாவின் ஜன்னல் எப்போதோ திறந்திருக்கும். இதே தொல்லையோடு இருப்பவர்கள் அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாசனை வைத்தியங்கள். தேடினால் நூறு வரும். ஆரஞ்சுத் தோலைப் பரப்பினேன், இரண்டு நாள் பூனை வரவில்லை, தோல் காய்ந்ததும் வந்துவிட்டது. எலுமிச்சைத் தோலும் அப்படியே. காபிச் சக்கையைத் தூவலாம் என்றார்கள், அது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தது. காபியில் இருக்கும் கஃபீன் பூனை உடம்புக்குள் போனால் விஷம் என்று பிறகு படித்தபோது மனசு கேட்காமல் எல்லாவற்றையும் வாரி எடுத்தேன். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வரிசையாக வைத்தால் பூனை பயப்படும் என்பதையும் செய்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் பூனை ஒன்று இரண்டு பாட்டில்களுக்கு நடுவில் போய் நிதானமாக உட்கார்ந்தது.

அடுத்து அந்துருண்டை. வாங்கியும் வைத்துவிட்டேன். நல்லவேளையாக, தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நிறைய வீடுகளில் செய்கிறார்கள். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். தவழ்கிற குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் குழந்தைக்கும் அதே கதி. வாசனை எண்ணெய்களும் அப்படித்தான். டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவற்றை உடைத்து வெளியேற்ற மனிதக் கல்லீரல் பயன்படுத்தும் ஒரு முக்கிய வழி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. நமக்கு வெறும் வாசனையாக இருப்பது அதன் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய், உடம்பில் தங்கிவிடும். மிளகாய்ப் பொடியும் மிளகுப் பொடியும் அதே வழியில் வாய்க்கும் கண்ணுக்கும் போகும். கழிக்க இடம் தேடி வந்த ஒரு பிராணிக்கு அவ்வளவு வேதனை கொடுக்க எந்த நியாயமும் இல்லை. சட்டத்தை விடுங்கள், மனசாட்சிப்படி இந்தப் பொடிகளை யாரும் தொடக்கூடாது.

அப்புறம் ஒலிக்கருவி வாங்கினேன். ஏதாவது அசைந்தால் நமக்குக் கேட்காத கீச்சொலியை எழுப்பும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனை 80 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும், அந்த இடைவெளியில் சத்தம் போட்டால் பூனைக்கு மட்டும் தொல்லை என்பது கணக்கு. இதை முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 2006இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், தோட்டத்துக்குள் பூனை வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வைத்து நாளாக ஆக விளைவு கூடியது என்று வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பெரிய விஷயம்தான், ஆனால் மீதி இரண்டு பங்கு அம்மாவின் ஜன்னலுக்குக் கீழேயே இருக்கிறதே! போதாததற்கு, வருகிற பூனைகளில் ஒன்று வயதானது. பூனைக்கும் வயதானால் காது மங்கும். அது கருவியின் முன்னாலேயே தோண்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தோல்விகளுக்குப் பிறகுதான் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் விடியற்காலையில் நாலரை மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தேன். பூனைகள் அதிகம் நடமாடுவது இருள் பிரியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும்தான், அதனால் ரொம்பக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வந்தது மூன்று பூனை. ஒரு பெரிய செம்மஞ்சள் ஆண், அந்தக் கறுப்பு வெள்ளைக் கிழப்பூனை, இன்னும் வளர்ந்து முடியாத ஒரு சாம்பல் குட்டி.

அந்த ஒரு வாரம் எனக்கு எல்லாப் புத்தகத்தையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது. சாம்பல் குட்டி வந்ததும் முதலில் மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று இடம் முகர்ந்து பார்க்கும். பிறகு ஒரு முன்காலால் லேசாகச் சுரண்டும். கல் நகர்கிறதா என்று பார்க்கிற சுரண்டல் அது, உண்மையான தோண்டல் இல்லை. நகர்ந்தால் மட்டும் ஆழமாகத் தோண்டும், திரும்பி உட்காரும், முடித்ததும் மறுபடி முகர்ந்து மூடும். முகர்ந்தபின் திருப்தி இல்லாவிட்டால் இன்னும் இரண்டு கை கல்லைத் தள்ளும். பூனை பீயை மூடுவதுபோல என்று தப்பை மறைப்பவர்களைச் சொல்வோம், ஆனால் அந்தக் குட்டி செய்ததில் மறைக்கிற அவசரம் எதுவும் இல்லை, அவ்வளவு கவனமாக வேலை பார்த்தது. செம்மஞ்சள் ஆணோ சில நாள் மூடாமலே போய்விடும். தன் எல்லை இது என்று மற்ற பூனைகளுக்குச் சொல்ல நினைக்கிற பூனைகள் அப்படித் திறந்துபோட்டுவிட்டுப் போவது உண்டு.

அந்த முதல் சுரண்டல்தான் விஷயம் என்று மூன்றாவது நாள் எனக்கு உறைத்தது. கல் நகர்ந்ததால் அது அங்கே உட்கார்ந்தது. நகராவிட்டால்?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. உதிரியான காய்ந்த மண்ணில் குழி பறித்து மூடுவது அதன் ரத்தத்தில் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சில வாரக் குட்டியே செய்யும். நாம் வீட்டுக்குள் வைக்கும் பூனை மணலும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், பூனைப் பெட்டிக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, எண்ணெய் உறிஞ்சுவதற்காகத் தான் விற்றுக்கொண்டிருந்த களிமண் துகளைக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்குப் பிடித்துப்போனது, ஒரு தொழிலே பிறந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் பெரும்பாலான பூனைகள் மணல் போல நுண்ணிய, வாசனை சேர்க்காத துகளையே தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஆக, துகள் சின்னதாக ஆக ஆகப் பூனைக்கு இஷ்டம், பெரிதாக ஆக ஆகக் கஷ்டம். என் பட்டாணிக் கூழாங்கல் மணலைவிடப் பெரியதுதான், ஆனாலும் உருண்டையாக இருந்ததால் எளிதாக உருண்டு வழி விட்டது. இதுவே 40 மில்லிமீட்டருக்கு மேல் போன கல்லாக இருந்தால் ஒரு பூனையின் முன்காலால் தோண்டுவது கஷ்டம். 20 மில்லிமீட்டர் உடைத்த ஜல்லியாக இருந்தால் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகி நிற்கும், பாதத்துக்கும் சுகமாக இருக்காது.

தரையை மாற்றுவதற்கு முன் அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு வேறு எதைச் செய்தாலும் பலிக்காது என்று உறுதியாகச் சொல்வேன். பூனை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவது வாசனையைப் பிடித்துக்கொண்டு. பூனை குறைவாகத் தண்ணீர் குடித்து வாழப் பழகிய பிராணி என்பதால் அதன் சிறுநீர் மிகவும் செறிவானது. யூரியா மட்டும் இல்லாமல் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலமும் அதில் இருக்கிறது. வெளியே வந்தபின் மணிக்கணக்கில் அது மெதுவாகச் சிதையச் சிதையத்தான் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் கிளம்பும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிக அதிகம். காலையில் நாறாத இடம் மாலையில் ஏன் நாறுகிறது என்ற அம்மாவின் கேள்விக்கு விடை இதில் இருந்தது.

கூழாங்கல்லின் மேல் விழுந்த சிறுநீர் அங்கே நிற்காது, வழிந்து கீழே போய்க் கல்லுக்கு அடியில் களை முளைக்காமல் இருக்க விரித்திருக்கும் துணியில் தேங்கும். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நாற்றம் போகாததற்கு அதுதான் காரணம். நான் செய்தது இது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு முதலில் திடக்கழிவை எல்லாம் கரணையால் எடுத்துப் பையில் கட்டினேன். பிறகு அந்த ஆறடி நீளத்துக் கல்லை முழுவதும் வாரி வெளியே எடுத்து, சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி அலசினேன். அடியில் இருந்த துணியை வெட்டி எடுத்துப் புதிய துண்டு வைத்தேன், பழையதைக் கழுவிப் பார்க்கலாம் என்ற சபலம் இருந்தது, முகர்ந்து பார்த்ததும் போய்விட்டது. அலசிய கல்லை வெயிலில் இரண்டு நாள் பரப்பிக் காயவிட்டு, செல்லப் பிராணிகளின் சிறுநீர்க் கறைக்கென்று விற்கிற என்சைம் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டேன். என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும், தெளித்த உடனே கழுவினால் பலன் இல்லை.

அம்மோனியா கலந்த தரைத் திரவங்களைப் போட வேண்டாம், அது பூனையின் மூக்குக்குச் சிறுநீரை நினைவூட்டும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ சிறுநீர் ஊறிய இடத்தில் கொட்டுவது அதைவிட மோசம். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு வரும், நெஞ்சை அடைக்கும். ஜன்னலுக்குக் கீழே அதைச் செய்தால் வாயு நேராக அறைக்குள்தான் போகும்.

கையுறையை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நேரத்தில் தங்கை ஐந்து மாதக் கர்ப்பமாக எங்கள் வீட்டில் இருந்தாள், செடிகளுக்கு நடுவில் கை வைத்து வேலை செய்வது அவளுக்குப் பிடிக்கும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தின் வழியாகப் பரவக்கூடியது, கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். பயந்துபோய் டாக்டரிடம் கேட்டோம். அவர் நிதானமாக விளக்கினார். எல்லாப் பூனையும் எப்போதும் இதைப் பரப்புவதில்லை, பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் அதன் மலத்தில் முட்டைகள் வெளியேறும். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, அதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அதனால் தினமும் எடுத்துப் போட்டுவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். விட்டுவிட்டால் ஈரமான மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும், பிளீச்சுக்கும் சாகாது. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் கையுறை போட்டுச் செய்து சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தங்கைக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு வரும்வரை அம்மா சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சரி, தரை. கல்லைத் திரும்பப் போடும்போது முதலில் இரண்டு அங்குலம் மட்டும் போட்டு, அதன்மேல் அரை அங்குலக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையை விரித்தேன். கோழிவலையும் போடலாம், ஆனால் வெட்டிய கம்பி முனைகளை எல்லாம் கீழ்ப்பக்கமாக மடக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பூனை பாதத்தையும் கிழிக்கும், நம் காலையும் கிழிக்கும். வலையின் கண் பெரிதாக இருக்கக்கூடாது, பாதம் சிக்கிக்கொள்ளும். ஓரங்களை ஒவ்வொரு அடிக்கும் வளைந்த கம்பி முளையால் தரையோடு அடித்து நிறுத்தினேன். அதன்மேல் ஒரு அங்குலம் கல், வலை தெரியாத அளவுக்கு மட்டும். பார்வைக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, தண்ணீரும் அப்படியே இறங்குகிறது. தோண்டினால் மட்டும் ஒரு அங்குலத்தில் நகம் வலையில் தட்டும்.

மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் வலை விரிக்க வசதியில்லை, அங்கே உள்ளங்கை அளவு பெரிய கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கிவிட்டேன். வாசலிலிருந்து போகும் நடைபாதைக்கு வேறு வழி. தேன்கூடு போன்ற அறைகள் உள்ள பிளாஸ்டிக் கட்டங்கள் கிடைக்கின்றன, அவற்றைத் தரையில் பொருத்தி ஒவ்வொரு அறைக்குள்ளும் கல்லை நிரப்பினால் கல் இடம் நகராது. அம்மாவின் கைத்தடி இப்போது அந்தப் பாதையில் புதைவதில்லை, பூனைக்காகச் செய்ததில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது இதுதான். மேலே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் விரிப்புகளும் விற்கிறார்கள். அவை மழுங்கிய, வளைகிற முனை உள்ளவை, காயப்படுத்தாது, தொட்டியிலும் சின்ன இடத்திலும் சரிப்படும். நீளமான சரளைப் பட்டைக்குக் கட்டாது.

தண்ணீரும் நன்றாக உதவுகிறது. அசைவு தெரிந்தால் மூன்று நான்கு வினாடி தண்ணீர் பீய்ச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளரை நண்பர் ஒருவர் இரண்டு வாரம் இரவல் கொடுத்தார். உடம்புச் சூட்டோடு எது நகர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். திடீர்ச் சத்தமும் ஈரமும் சேர்ந்து வருவதால் பூனை காயமில்லாமல் ஓடிவிடும், அதற்கு எளிதில் பழகுவதாகவும் தெரியவில்லை. பேப்பர் எடுக்கப்போன அண்ணன் இரண்டு முறை நனைந்தான். நிரந்தரமாக வைக்கத் தேவையில்லை, பழக்கம் உடைகிற அந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் போதும். கருவி இல்லாதவர்கள் சாயங்காலம் கல்லை நனைத்துவிடலாம். ஈரக் கல்லில் உட்காரப் பெரும்பாலான பூனைகள் விரும்புவதில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் வாரம் அதுதான் ஆனது. பூனைகள் வலையில் தட்டிப் பார்த்துவிட்டுத் தங்கை புதிதாகக் கொத்திவிட்ட பாத்திக்குப் போயின. கழிக்க வேண்டிய பிராணி எங்காவது கழித்தே தீரும். நம் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டால் அது அடுத்த வீட்டுப் பிரச்சினை ஆகும், அவ்வளவுதான். ஆகவே அவை வருகிற வழியிலேயே, பின்பக்க மதில் ஓரம், ஒரு புதருக்குப் பின்னால் அவற்றுக்கென்று ஓர் இடம் செய்தேன். மூன்றடிக்கு மூன்றடி, ஓரடி ஆழக் குழி. அடியில் தண்ணீர் இறங்க ஜல்லி, அதன்மேல் துணி, அதற்குமேல் எட்டு அங்குலத்துக்கு நன்றாகச் சலித்த மணல். இரண்டு பக்கம் திறந்திருக்கும்படி விட்டேன். ஒரே வழி இருக்கிற மூலையில் பூனை உட்காரத் தயங்கும், இன்னொரு பூனை வந்தால் தப்பிக்க வழி வேண்டும் என்று பார்க்கும். பழைய இடத்தில் எடுத்ததில் ஒரு சின்னத் துண்டை அந்த மணலில் புதைத்துவைத்தேன், வாசனை வழிகாட்டுவதற்காக.

சாம்பல் குட்டி மறுநாளே கண்டுபிடித்துவிட்டது. கிழப்பூனைக்கு ஒன்பது நாள் ஆனது, அதன் பழைய வழி அவ்வளவு ஊறிப்போயிருந்தது. மணல் குழியைத் தினமும் ஒருமுறை சல்லடைக் கரண்டியால் எடுத்துச் சுத்தம் செய்கிறேன், மாதம் ஒருமுறை மேல் மணலை மாற்றுகிறேன். சுத்தம் செய்யாமல் மூன்று நாள் விட்டால் பூனை மறுபடி வேறு இடம் பார்க்கும், ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்தபோது பாத்தியில் அடையாளம் இருந்தது. இந்தத் தினசரி வேலையைச் செய்ய முடியாதவர்கள் குழி வெட்ட வேண்டாம், பராமரிக்காத மணல் குழி சரளையைவிட மோசமான நாற்றம் பிடிக்கும். குழந்தைகள் விளையாட்டு மணல் என்று நினைத்து இறங்கிவிடாதபடி ஒரு தடுப்பும் வேண்டும்.

இரண்டு பூனைகள் பக்கத்து வீட்டு அக்காவுடையவை என்று தெரியும், பேசாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பல வருடப் பழக்கம், பூனைப் பீக்காக முகம் முறிந்துவிடக்கூடாதே என்ற தயக்கம். கடைசியில் மதில் பக்கத்தில் நின்று சொன்னேன். "அக்கா, சண்டைக்குச் சொல்லலை, உங்க செம்மஞ்சளும் கிழவனும் அம்மா ஜன்னல்கிட்டதான் போறாங்க, அம்மா ஜன்னலே திறக்கறதில்லை." அவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, வீட்டுக்குள்ள பெட்டி வச்சிருக்கேனே, அதுல போறதே இல்லை, வெளியில எங்கயோ காட்டுப் பக்கம் போகுதுங்கன்னு நினைச்சேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா" என்றார். உள்ளே போய்ப் பார்த்தோம். மூடி போட்ட சின்னப் பெட்டி, பூ வாசனை போட்ட பூனை மணல், துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். வாசனை நமக்காகப் போடுவது, பூனைக்கு அது தலைவலி. மெஷின் சத்தம் போட்டால் அந்தப் பக்கமே போகாது. பெட்டி பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அக்கா மூடியைக் கழற்றிவிட்டு, வாசனையில்லாத மணலுக்கு மாறி, இன்னும் இரண்டு பெட்டி அமைதியான இடத்தில் வைத்தார். கிழப்பூனை இப்போது பாதி நாள் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது.

செம்மஞ்சள் ஆணின் கதை வேறு. சரளை சரியான பிறகும் ஜன்னலுக்குக் கீழே சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஈரக் கறை வந்துகொண்டே இருந்தது. இது கழிப்பது இல்லை, நின்றுகொண்டு வாலைத் தூக்கிப் பின்னால் பீய்ச்சி எல்லை குறிப்பது. இதற்கு வலையோ பெரிய கல்லோ பிரயோஜனம் இல்லை, பிரச்சினை தரையில் இல்லையே. கருத்தடை அறுவைதான் வழி, செய்துவிட்டால் பத்து ஆண் பூனைகளில் ஏறக்குறைய ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடும். அக்காவுக்கு அதில் விருப்பம் இருந்தது, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

அறுவை முடிந்து சில மாதம் கழித்து ஒரு காலை, அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சிவப்புப் பூனை கல்லு மேல உக்காந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரலை, பாவமா இருக்கு, வந்து பாரு." பார்த்தேன். பழைய இடத்தில், வலைக்கு மேலேயே, தோண்டாமல் குந்தியிருந்தது. எழுந்து இரண்டடி நகர்ந்து மறுபடி குந்தியது. அடிக்கடி கீழே நக்கியது, லேசாக முனகியது. கல்லில் இரண்டு சொட்டு, அதில் சிவப்பு. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது, படிகமோ கசடோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மதிலைச் சுற்றி ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டு, கூடையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அடைப்புத்தான். குழாய் போட்டு எடுத்தார்கள், மூன்று நாள் அங்கேயே இருந்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். வெளியில் கழிக்கும் பூனைக்கு என்ன நோய் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை, அதனால் உங்கள் சரளையில் ஒரு பூனை திடீரென்று அடிக்கடி வந்து குந்தினால், விரட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அது யாருடைய பூனை என்று தேடுங்கள்.

செம்மஞ்சள் பிழைத்துவிட்டது. மருத்துவர் மாற்றச் சொன்ன தீனிக்கு மாறி, தண்ணீர் நிறையக் குடிக்க அக்கா வீட்டில் மூன்று இடத்தில் கிண்ணம் வைத்திருக்கிறார்.

சாம்பல் குட்டிக்கு வீடு எதுவும் இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. இப்போதெல்லாம் மணல் குழியை முடித்துக்கொண்டு அம்மாவின் ஜன்னல் திட்டில் வந்து உட்காருகிறது. சரளையைக் கடக்கும்போது எப்போதாவது ஒரு காலால் சுரண்டிப் பார்க்கும், நகம் வலையில் தட்டியதும் விட்டுவிட்டு நடந்துவிடும். அடுத்த வாரம் அதற்கும் கருத்தடைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். அதற்குள் மழை தொடங்கிவிடும் போலிருக்கிறது, போன மழையில் மணல் குழி இரண்டு நாள் சேறாகிப் பூனைகள் திணறிப்போயின. நாளைக்குக் குழியின் மேல் நாலு குச்சி நட்டு ஒரு தகரம் போட வேண்டும்.